வயலோரக் கதிரும் வாய்க்கால் மீனும்

காவிரிப் படுகையின் ஆண்டுக் கணக்கு இரண்டு நாள்களுக்கு இடையே அடங்கியது. சூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்பட வேண்டும். சனவரி 28-இல் மூடப்பட வேண்டும். அணை கட்டி முடிக்கப்பட்ட 1934 முதல் வழங்கிவரும் மரபு இது. மரபு தவறிய ஆண்டுகள் பல. 2022-இல் மே 24-ஆம் நாளிலேயே தண்ணீர் வந்தது. 2024-இல் சூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் இப்பகுதியின் உழவர் இன்றும் அந்த இரு நாள்களை வைத்தே நல்லாண்டு, பொல்லாண்டு பேசுவர்.

அந்தத் தண்ணீருடன் மீனும் வரும் என்பதை அரசுக் கணக்கேடுகள் எழுதுவதில்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரியும் நீர், பின்னர் ஏ, பி, சி, டி என்று பொதுப்பணித் துறையினர் எழுத்திட்டு அழைக்கும் சிறு வாய்க்கால்களில் இறங்கி, மடை வழியே வயலுக்குள் நுழைகிறது. புதுவெள்ளத்தின் மணம் அறிந்த மீன் எதிர்நீரில் ஏறி, வரப்போரத்து ஆழமற்ற நீரில் முட்டையிடும். ஆடியிலும் ஆவணியிலும் மடைவாயில் பறி வைப்பவர் இதனைப் பிடிப்பர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குஞ்சுகள் வளரும். தை முடியும்போது ஆற்றில் நீர் நிற்கும். வாய்க்கால் மெல்ல வற்றும். மீனெல்லாம் மதகடியிலும் வளைவுகளிலும் உள்ள பள்ளங்களில் ஒதுங்கும். கெளுத்தி, குறவை, விரால், ஆரா, பனையேறிக் கெண்டை, உளுவை என்று ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சிறு உலகமே கூடியிருக்கும்.

அறுவடை முடிந்து கூலி வேலையும் முடியும் காலம் அது. சம்பா நெல் களத்தைவிட்டுப் போன பின், உழைத்தவர் வீட்டில் அடுத்த நடவு வரை நீளும் வெறுமையான மாதங்கள் தொடங்கும். அவ்வேளையில் பெண்களும் சிறுவரும் பள்ளங்களில் இறங்கிச் சேற்றைக் கலக்கி, ஊத்தாவால் குத்தியும் வெறுங்கையால் தடவியும் மீன் பிடித்தனர். மிஞ்சிய பொடிமீனை உப்பிட்டுக் காயவைத்தனர். நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது தவக்காலமாகவும் அமைந்தது. ஒருசந்தியும் சுத்தபோசனமும் 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தளர்த்துவதற்கு முன் கடுமையாக இருந்த நாள்களில், இறைச்சியை விலக்க வேண்டிய நாள்களுக்கு வாய்க்கால் மீன் துணை நின்றது. (ஆண்டில் இரண்டு மூன்று திருநாள்களில் மட்டுமே இறைச்சி கண்ட வீடுகளுக்கு இறைச்சி விலக்கலைப் போதித்தோம் என்பதும் நினைக்கத்தக்கதே.)

இவ்வாறு எழுதும்போது பழங்காலத்தைப் பொற்காலமாக்கும் ஆசை எழுகிறது. அதற்கு இடம் தரலாகாது. எல்லாப் பள்ளங்களும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. குளிக்கும் துறை சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த நாட்டில் மீன் பிடிக்கும் பள்ளம் மட்டும் எப்படிப் பொதுவாய் இருந்திருக்கும்? பெரிய தெருவை ஒட்டிய மடுவில் சேரி மக்கள் இறங்கியதில்லை. கள்ளிப்பாலை நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் பழையதே. ஆயினும் ஊர்க்கோடி வாய்க்காலில், நீர் நின்ற பின் கிடக்கும் மீன் இல்லாதவருக்கு உரியது என்பது எழுதப்படாத வழக்காக இருந்தது. அதைக் கொடுத்தவர் என்று எவரும் இல்லை. பெற்றவர் எவருக்கும் நன்றி சொல்லவும் இல்லை.

இவ்வழக்கைப் பற்றி நாம் சிந்திக்கக் காரணம் ஒரு கேள்வி. அன்பியக் கூட்டமொன்றில் செபம் முடிந்து கலையும் வேளையில், வயது முதிர்ந்த தாய் ஒருவர் எழுந்து, “வாய்க்கா மீனப் புடிச்சா அது களவாங்க சாமி?” என்று கேட்டார். ஊர்க் குளத்தின் மீன்பாசி ஏலத்தோடு, குளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலின் ஒரு துண்டையும் சேர்த்து அவ்வூரில் ஏலம் விட்டிருந்தனர். ஏலம் எடுத்தவர் குறுக்கே வலை கட்டியிருந்தார். வலைக்கு இப்புறம் கெளுத்தி பிடித்த அவருடைய பேரனின் கூடையைப் பிடுங்கி எறிந்துவிட்டனர். பையன் திருடன் என்று பெயரெடுத்ததே அத்தாய்க்குத் துயரம். மீன் போனது அன்று.

குருமடத்தில் கற்ற அறநெறி இறையியல் இதற்கு விரைவாக விடை தரும் என்று எண்ணத் தோன்றும். ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தீனியன் பேரரசர் தொகுப்பித்த உரோமைச் சட்டம், ஆறுகள் பொதுவானவை, அவற்றில் மீன்பிடிக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு, மீன் பிடிபடும்வரை எவருக்கும் உடைமையன்று என்று வகுத்தது. திருச்சபையின் சட்ட அறிஞர் பலரும் இதனை ஏற்று எழுதினர். எனவே பேரன் திருடன் அல்லன் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஏலம் எடுத்தவரும் பொய் சொல்லவில்லை. அவர் பணம் கட்டியிருக்கிறார். குளத்தில் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார். ஊர்ப் பொதுச் செலவுக்கு அப்பணம் போயிருக்கிறது. ஒப்பந்தம் ஒப்பந்தமே. பத்துக் கட்டளைகளில் களவு செய்யாதே என்பது அவர் பக்கமும் நிற்கிறது.

புனித அக்குவினா தோமாவை நாடலாம். உடைமையைத் தனியே நிர்வகிப்பது முறையே என்றாலும், பயன்படுத்தும்போது அதைப் பொதுவானதெனக் கருத வேண்டும் என்றும், கடுந்தேவையில் ஒருவன் பிறர் பொருளை எடுத்து உயிர் காத்துக்கொண்டால் அது களவாகாது என்றும் அவர் கற்பித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் இதனை மீண்டும் உறுதி செய்தது. அரிய போதனை, ஆனால் நம் வழக்குக்கு இது முழுதும் பொருந்தவில்லை. அத்தாய் பட்டினியால் சாகவில்லை. 2011 முதல் தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. சோறு இருக்கிறது, சோற்றோடு சேர்த்துக்கொள்ள ஒன்று வேண்டும், பேரன் வாய்க்காலில் இறங்கினான், அவ்வளவே. கடுந்தேவை என்று வாதாடினால் அவரை இல்லாத பிச்சைக்காரி ஆக்குகிறோம். அவர் கேட்டது மன்னிப்பு அன்று; தமக்கு உரிமை உண்டா இல்லையா என்பதே.

இந்த இடத்தில் தோமாவைவிட மோசேயே நமக்கு நெருங்கி வருகிறார். லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்தில், அறுவடை செய்வோர் வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்கலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது, திராட்சைத் தோட்டத்தில் உதிர்ந்த பழத்தைத் திரட்டலாகாது, அவை ஏழைக்கும் அன்னியருக்கும் உரியவை என்று சட்டம் வகுக்கப்பட்டுள்ளது. நம் மறையுரைகளில் இதனை ஈகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அது பிழையான வாசிப்பு என்றே கருதுகிறோம். ஈகையில் கொடுப்பவன் தன்னுடையதைக் கொடுக்கிறான். இங்கோ ஓரம் அவனுடையதே அன்று. விதைத்தவன் அவன், நீர் பாய்ச்சியவன் அவன், நிலப்பட்டாவும் அவன் பெயரில். ஆயினும் அறுவடை நாளில் அந்த ஓரம் அவன் கைக்கு அப்பாற்பட்டது. யூத மறைநூல் அறிஞர் மிஷ்னா என்னும் தொகுப்பில் இச்சட்டத்தை விரித்தபோது, வயலில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையாமல் விடவேண்டும் என்று அளவு வைத்தனர். ஏழைகளுள் இன்னாருக்கு என்று பொறுக்கி வழங்கும் உரிமையையும் வயலுடையவனுக்கு அவர்கள் தரவில்லை. எவர் வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். கொடுப்பவன் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

போவாசு நல்லவர், ஐயமில்லை. ஆனால் ரூத்து அவர் வயலில் கதிர் பொறுக்கியது அவர் நல்லவர் என்பதால் மட்டும் நிகழ்ந்ததன்று. போவாசு கொடியவராக இருந்திருந்தாலும் கதிர் பொறுக்க ரூத்துக்கு இடம் இருந்திருக்கும். சட்டத்தின் சிறப்பு அங்கேதான் உள்ளது.

நம் படுகையிலும் இந்த ஓரம் இருந்தது. அறுத்த வயலில் சிந்துகதிர் பொறுக்கினர். எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்த நெல்லை மீட்டனர். நிலத்தின் ஓரம் அது என்றால், நீரின் ஓரம் வாய்க்கால் மீன். நில உடைமைப் பத்திரத்திலோ ஏலப் பட்டியலிலோ இடம்பெறாத அந்த மிச்சத்தில்தான் உழைப்பவர் வீட்டுக் குழந்தைகளின் உடலில் சதை ஒட்டியது. ஏலத்தில் குளத்தோடு வாய்க்காலைச் சேர்த்தவர்களுக்குத் தீய எண்ணம் இருந்திருக்காது. வெறுமனே கிடப்பதாக எண்ணிச் சேர்த்திருப்பர். வெறுமனே கிடந்ததாக அவர்கள் கண்டது ஏற்கெனவே ஒருவருடைய பங்கு என்பது, எழுதி வைக்கப்படாத காரணத்தால், அவர்கள் கண்ணுக்குப் படவில்லை.

ஏலமே தீமை என்று சொல்ல வரவில்லை. மீன் குத்தகை இந்நாட்டில் புதிதன்று. பாசிப்பாட்டம் என்னும் சொல் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உண்டு. மீன் விற்ற வருவாயை அந்த ஏரியைத் தூர்வாரவே செலவிட வேண்டும் என்று விதித்த இடைக்காலக் கல்வெட்டுகளும் உள்ளன. நீரிலிருந்து எடுத்தது நீருக்கே திரும்பியது. இன்றைய ஏலப் பணம் எங்கெங்கோ போகிறது. வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத் தாமரையும் மண்டிக் கிடக்கின்றன.

இனி மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். ஓரத்தை விழுங்கியவர் ஏலக்காரர் மட்டுமல்லர். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் தஞ்சை வயல்களில் பரவியது. உரமும் பூச்சிமருந்தும் உடன் வந்தன. வயல்நீர் வடிந்து வாய்க்காலில் சேரும் இடத்தில் மீன்குஞ்சு செத்து மிதந்ததைக் கண்ட முதியவர் இன்றும் உள்ளனர். விளைச்சல் கூடியது, பசி குறைந்தது என்பதையும் அதே முதியவரே சொல்வர், இரண்டும் உண்மை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று மூலை முடுக்கெல்லாம் நிறைந்து, நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வளர்ப்பதற்கு மைய அரசு 2000-இல் தடை விதித்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பண்ணைகளிலிருந்து தப்பி, அகப்பட்டதையெல்லாம் தின்று வருகிறது.

பின்னர் சிமெண்டு வந்தது. கல்லணைக் கால்வாயைப் புதுப்பித்து நவீனமாக்கும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கடைமடைக்கு நீர் விரைந்து சேர வேண்டும் என்பது நியாயமான நோக்கம். கடைமடையில் பங்குப்பணி ஆற்றியவர் எவரும் அதனைக் குறை சொல்லத் துணியார். ஆயினும் தரையும் சுவரும் சிமெண்டாகிய கால்வாயில் பள்ளம் இல்லை, வளைவு இல்லை, வேர் இல்லை. நீர் நின்றால் மீன் ஒதுங்க இடமில்லை. எசேக்கியேல் இறைவாக்கினர் 47-ஆம் அதிகாரத்தில் கண்ட காட்சி இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கோவிலிலிருந்து புறப்பட்ட நீர் ஆறாகப் பெருகிச் சாக்கடலையும் நலமாக்குகிறது. கரையில் மீனவர் வலை உலர்த்துகின்றனர். மீன் வகைவகையாகப் பெருகுகிறது. ஆனால் 11-ஆம் வசனத்தில், சேற்று நிலங்களும் சதுப்புகளும் மட்டும் நலமாக்கப்படாமல் உப்புக்கென்று விடப்படுகின்றன. ஆண்டவரே வகுத்த நீர்ப்பாசனத் திட்டத்திலும் திருத்தப்படாத மூலை ஒன்று உண்டு! நம் பொறியாளர்கள் இவ்வசனத்தைப் படித்தால் தவறில்லை.

எல்லாவற்றிலும் கசப்பானது இரவில் நடப்பது. மின்கலத்தை முதுகில் கட்டி, இரு கோல்களை நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சுகின்றனர் சிலர். பெருமீன், குஞ்சு, முட்டை சுமந்த தாய்மீன், தவளை என எல்லாம் ஒருசேரத் துடித்து மேலே வரும். விற்குமளவு பெரியதைக் கூடையில் இட்டு மற்றதை விட்டுச் செல்கின்றனர். மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து கொக்கி போட்டு இழுத்து, தம் உயிரையே இழந்தவர்களும் உண்டு. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் கொல்வதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. ஆனால் எந்தச் சட்டமும் நள்ளிரவில் வாய்க்கால் கரையில் காவல் நிற்பதில்லை. பகலில் கொசுவலையை வாய்க்காலின் அகலத்துக்கு விரித்து, விரல்நுனி அளவு குஞ்சையும் அள்ளுவோர் உண்டு. இவர்களுள் பலர் ஏழைகளே. ஏழை செய்தால் தகும் என்று சொல்லும் துணிவு நமக்கு இல்லை.

இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரம் இதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறது. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சை எடுத்துக்கொள், தாயைப் போகவிடு என்கிறது. விரால் மீனைக் கவனித்தவர்க்கு இது புதிதாக இராது. செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்தில் மேய, தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். குஞ்சுத் திரளை நெருங்கும் எதையும் பாய்ந்து கடிக்கும். அந்தப் பாசத்தையே தூண்டிலாக்கி விராலைப் பிடிப்போர் உண்டு. ‘பார்ப்போடு நிற்கிறது’ என்று சொல்லி விட்டுப் போவோரும் உண்டு. இரண்டாமவர் எவரும் இணைச்சட்டம் படித்தவரல்லர். கதிர் பொறுக்க வருபவர்க்கு உரிமை உண்டு என்று சொன்ன அதே மறைநூல், அவர் எதை எடுக்கலாகாது என்றும் சொல்கிறது. உரிமை உள்ளவரிடம் மட்டுமே கட்டுப்பாட்டை எதிர்பார்க்க முடியும். தன் பங்கு என்று எதுவும் விட்டுவைக்கப்படாதவன், நாளை மற்றவன் அள்ளுவான் என்ற அச்சத்தில் இன்றே அனைத்தையும் அள்ளுகிறான். மின்கலம் தூக்கியவனை நாம் நியாயப்படுத்தவில்லை. அவன் கையில் அது எப்படி வந்தது என்று பார்க்கிறோம்.

நம் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையிலும், சிவகங்கை, மதுரைப் பகுதிகளிலும் கோடையில் நடைபெறும் மீன்பிடித் திருவிழாவைப் பலர் அறிவர். கண்மாய் வற்றும் நேரத்தில் நாள் குறித்து, ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை எவரும் இறங்கலாகாது. வீசியபின் சாதி, சமயம், ஊர் பாராமல் அனைவரும் ஊத்தாவும் கச்சாவும் கொண்டு இறங்குவர். பிடித்த மீனை வீட்டில் சமைத்து உண்ண வேண்டும், விற்கலாகாது என்பது பல ஊர்களின் கட்டுப்பாடு. ஓரம் இன்றும் உயிரோடு இருக்கும் இடங்கள் அவை. துண்டு விழும்வரை ஆயிரம் பேர் கரையில் காத்து நிற்கும் அந்தப் பொறுமையை எந்தக் காவல்துறையும் உண்டாக்கிவிட முடியாது.

இவ்வளவும் ஊராட்சிக்கும் அரசுக்கும் சொல்லிவிட்டு ஒதுங்குவது எளிது. கோவில் நிலமும் குளமும் உடைய பங்குகள் நம்மிடையே உண்டு. நாம் இப்போது பணியாற்றும் பங்குக்கும் ஒரு குளம் இருக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை குத்தகைக்கு விடப்படுகிறது. வருவாய் உபதேசியார் ஊதியத்துக்கும் திருவிழாவுக்கும் உதவுகிறது. பங்குப் பேரவையில் இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தோம். குளத்துக்கு வரும் வாய்க்காலைக் குத்தகையிலிருந்து நீக்க வேண்டும். குத்தகைக்காரர் கடைசி வலை இழுத்த பின், குளத்தில் முழங்கால் அளவு நீர் இருக்கும்போதே, இரண்டு காலைகள் ஊரார் அனைவருக்கும் குளம் திறந்திருக்க வேண்டும். கையும் ஊத்தாவும் மட்டும், வலை கூடாது.

எதிர்ப்பு வந்தது; அதுவும் நியாயமான எதிர்ப்பே. குத்தகைத் தொகை குறையும் என்றார் நிதிக்குழு உறுப்பினர். குறையும்தான். அறுபதில் ஒரு பங்குக்கு மேல் குறையுமா என்று கேட்டோம். அவரிடமும் கணக்கில்லை, நம்மிடமும் இல்லை. குத்தகை எடுப்பவர் பெருஞ்செல்வர் அல்லர், இரண்டு ஏக்கர் சாகுபடிக்காரர், வட்டிக்கு வாங்கிக் குஞ்சு விடுகிறார், அவர் தலையில் நம் தருமத்தைக் கட்டலாமா என்று மற்றொருவர் கேட்டார். அது இன்னும் கனமான கேள்வி. ஓரத்தை விடுவது உடையவன் கடமையே அன்றி வாரக்காரன் கடமை அன்று. ஆகவே குறையும் தொகையைத் திருவிழாக் கணக்கு ஏற்க வேண்டும் என்று முடிவாயிற்று. வாணவேடிக்கையில் சிறிது குறையும். இளைஞர்கள் சிலருக்கு வருத்தம். பங்கு மக்களுக்கு மட்டும் என்று எழுதலாமே என்ற கருத்தும் எழுந்தது. லேவியர் நூலில் ஏழைக்கு அடுத்த சொல்லே அன்னியர் என்பதைச் செயலரே எடுத்து வாசித்தார்.

இப்போதைய குத்தகை வரும் சித்திரையில் முடிகிறது. புதிய ஒப்பந்தம் எழுதியாயிற்று. தொகைக்கான இடம் மட்டும் வெறுமையாக உள்ளது.